கேட்காமல் எடுத்த உறைமோர்

கார்த்தி,

பத்திரிகைக் கட்டு நேற்று அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையை அப்பா சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். திருவந்திபுரத்தில் முகூர்த்தம், மாலையில் கடலூரில் வரவேற்பு, உன் பெயருக்குப் பின்னால் படிப்பு, அதற்குக் கீழே உன் கம்பெனியின் பெயர். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நேரில் பேசலாம் என்றால், இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரி விடும்மா, கல்யாணம் முடியட்டும்" என்று வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவாய். கடிதத்துக்கு நடுவில் நீ எழுந்து போனாலும், மிச்சம் உனக்காக மேசையில் காத்திருக்கும்.

கல்யாணமாகப் போகும் மகனுக்கு அம்மா எழுதும் கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாமனார் மாமியாரை மதித்து நட, கோபத்தைக் குறை, ஞாயிற்றுக்கிழமையாவது எங்களை வந்து பார் என்றெல்லாம் இருக்கும். கடைசியில், என் வளர்ப்பில் ஏதாவது குறை இருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே என்று ஒரு வரி வரும். அந்த வரியை நான் எழுதப் போவதில்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன். இந்த விஷயத்தில் என் பக்கம் குறை எதுவும் இல்லை. நீ என்னை ஏமாற்றினாய். நான் பெற்ற பிள்ளை, என் ஒரே பிள்ளை, என்னை ஏமாற்றிவிட்டாய். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை நீ கட்டிக்கொள்ளப் போகும் ரேவதியிடம் காட்டினாலும் காட்டலாம். அவளுக்கும் புரியட்டும் என்றுதான் முதலிலிருந்து சொல்கிறேன். நீ பிளஸ் டூ முடித்துவிட்டு கவுன்சலிங்குக்குக் காத்திருந்தாயே, அந்த 2004 கோடையில், அப்பா பண்ருட்டிக்குப் பக்கத்தில் தன் சிநேகிதர் தோப்பிலிருந்து ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வந்த அன்றே அறுத்திருக்க வேண்டும். ஆளாளுக்கு வேலை என்று விட்டதில் பழம் அளிந்துபோய் வீடு முழுக்கக் கள்ளுக்கடை வாடை அடித்தது. நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இத தூக்கிப் போடறியா, நான் வீட்ட விட்டுப் போகட்டா" என்றாய். எனக்குத் தூக்கிப் போட மனம் வரவில்லை. வாடை அடிக்கிறது என்றால் உள்ளே ஏதோ உயிரோடு வேலை பார்க்கிறது என்றுதான் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறவளுக்குத் தோன்றும். சுளைக்கு நடுவில் இருக்கும் சடையைக் கொஞ்சம் சுரண்டி, கல்லூரி லேபுக்குக் கொண்டுபோனேன். அதிலிருந்துதான் அந்த ஈஸ்ட் கிடைத்தது.

கரும்புச் சக்கையில் மனிதன் தின்னாத ஒரு சர்க்கரை இருக்கிறது. அந்த ஈஸ்ட் அதைத் தின்று, சீனிக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளக்கூடிய ஓர் இனிப்பாக மாற்றியது. அப்பா மாதிரி சக்கரை வியாதிக்காரர்களும் பயப்படாமல் சேர்த்துக்கொள்ளக்கூடியது. ஒரே ஒரு சங்கடம். செய்த கையோடு அந்த இனிப்பையும் அதுவே தின்றுவிடும். ஆக்கி இறக்கும் முன்பே சட்டியை வழித்துத் தின்றுவிடும் சமையல்காரியை வைத்துக்கொண்டு யாருக்குப் பந்தி போடுவது? செய்ய வேண்டும், செய்ததைத் தின்னாமல் விட்டுவைக்க வேண்டும். அப்படி ஒன்றைத் தேடித்தான் அத்தனை வருஷம் நான் புற ஊதா விளக்கின் முன்னால் தட்டு தட்டாக அதை வைத்துச் சாகடித்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி செத்துப்போகும். பிழைத்ததில் ஏதாவது ஒன்று குணம் மாறியிருக்கும். பெரும்பாலும் நமக்கு வேண்டாத மாற்றமாகத்தான் இருக்கும். "உங்கம்மா பால் திரியாம பாத்துக்கச் சொன்னா மறந்துடுவா. ஈஸ்ட்ட திரிய வைக்கணும்னா மட்டும் காலைலயே ஓடிடுவா" என்று அப்பா கிண்டல் செய்வார். திரிபு என்று புத்தகத்தில் படித்த சொல்லுக்கு அவர்தான் வீட்டு அர்த்தம் சொன்னார்.

விளக்கில் அடிபட்ட ஈஸ்டை உடனே வெளிச்சத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். வெளிச்சம் பட்டால் அது தன் காயத்தைத் தானே சரிசெய்துகொண்டு பழையபடி ஆகிவிடும். அதனால் ஜன்னலில் கறுப்புத் துணி தைத்து மாட்டி, சிவப்பு பல்பு ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். கரண்டு போகும் வருஷங்கள் அவை. கரண்டு போனால் இருட்டுக்கு வசதி, குலுக்கும் மெஷின் நின்றுவிடுவதுதான் அவஸ்தை. உடன் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மாநாடு, பதவி உயர்வு என்று போய்க்கொண்டிருந்தார்கள். நான் அந்த அறையிலிருந்து கண் கூசிக்கொண்டு வெளியே வருவேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. நீ கடலூர் சிப்காட்டில் மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளைக்கெல்லாம் நான் தேடியது கிடைத்தது. இனிப்பைச் செய்தது, தொடாமல் விட்டுவைத்தது. சரியாகத் தின்னாததால் மெதுவாக, இழுத்து இழுத்து வளர்ந்தது. அதனால் நாம் வீட்டில் அதற்கு சோம்பேறி என்று பெயர் வைத்தோம். முதன்முதலில் சுத்தம் செய்து எடுத்த வெள்ளைப் பொடியை அப்பா நாக்கு நுனியில் வைத்துவிட்டு, "ஜில்லுன்னு இருக்குதே" என்றார். லேபில் செய்ததை வாயில் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் நான் அன்றைக்கு அவரைத் திட்டவில்லை. மூன்று பேரும் சிரித்தோம். நீதான் ஜாஸ்தி சிரித்தாய்.

அதை அப்போதே நுண்ணுயிர்களைப் பாதுகாக்கும் தேசிய சேமிப்பகத்துக்கு அனுப்பி என் பெயரில் பதிந்திருக்கலாமே என்று இப்போது நீ சொல்கிறாய். அனுப்பியிருக்கலாம். ஆனால் குணம் மாறிய ஈஸ்ட் எத்தனை தலைமுறை அந்தக் குணத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் அனுப்புவது என் வேலையில் வழக்கமில்லை. சில பிள்ளைகள் வெளியூரில் ஒழுங்காக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் பழையபடி ஆவதுபோல, நல்ல தீனி கிடைத்தால் அது பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். அதைச் சோதித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தேன். அந்தப் பொறுமை என் தொழில். அதை நீ எனக்கு எதிராகப் பேசும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

பிறகு தானே என்று பெயரிட்ட புயல் வந்தது. போன வருஷம் முடியும் நேரத்தில் வந்த அந்தக் காற்று நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் லேபின் பின்பக்கம் நின்ற தூங்குமூஞ்சி மரம் கூரைமேல் விழுந்தது. ஃபிரிட்ஜ் சாய்ந்து கதவு திறந்துகொண்டது. மழைத் தண்ணீர் உள்ளே போய், சோம்பேறியை வைத்திருந்த கண்ணாடிக் குழாய்களின் பஞ்சு மூடி நனைந்து, நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாவற்றிலும் கறுப்புப் பூசணம். நாள் கணக்கில் கரண்டு இல்லை. பூசணத்துக்கு நடுவே பிழைத்ததைத் தனியாகப் பிரித்தெடுத்து, நாலு வீதியிலும் ஜெனரேட்டர் உள்ளவர்களைக் கெஞ்சிச் சோதித்துப் பார்த்தேன். அத்தனையும் பழைய குணத்துக்குப் போயிருந்தது, செய்ததைத் தின்றுகொண்டிருந்தது. முதலிலிருந்து தொடங்கலாம் என்றால் பண்ருட்டித் தோப்பே இல்லை. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அப்பாவின் சிநேகிதர் போனில் அழுதார். அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைத்த பிறகு, நான் சமையலறையில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அப்பா மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எந்த மாத்திரையைக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

அந்த வாரம்தான் நீ வந்தாய். விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு, கடலூரிலிருந்து சிதம்பரம் வரை வண்டியில் வந்தாய். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், பையிலிருந்து எவர்சில்வர் டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தாய். ஐஸ் கட்டிக்கு நடுவில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு குழாய் இருந்தது. "அம்மா, சோம்பேறி உயிரோட இருக்கும்மா" என்றாய். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஊரில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு பிள்ளை உண்டா என்றுகூட நினைத்தேன். அதற்குப் பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழாயை வெளிச்சத்தில் பார்த்தேன். அதில் உன் கம்பெனியின் அச்சடித்த லேபிள் ஒட்டியிருந்தது. சோம்பேறி உன் கம்பெனிக்கு எப்படிப் போனது?

"எப்பப்பா எடுத்த?" என்று கேட்டேன். நீ ஹெல்மெட்டைக் கழற்றினாய்.

"அது ஆச்சும்மா கொஞ்ச காலம். உன்னைக் கூப்புட லேபுக்கு வந்திருந்தப்ப, நீ கை கழுவிட்டு வர்றேன்னு போன. சும்மா ஊசில தொட்டு எடுத்துட்டுப் போனேன். உன் டியூபு அப்பிடியேதான இருந்திச்சு."

அப்படியேதான் இருந்தது. உண்மை. நகை திருடு போனால் பெட்டி காலியாக இருக்கும். ஈஸ்ட் போனால் எதுவும் குறையாது. ஊசி முனையில் தொட்டு எடுத்தால் போதும், அடுத்த வீட்டில் அண்டா அண்டாவாக வளர்த்துக்கொள்ளலாம். அதனால்தான் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நான் என் குழாயைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் நீயும் வந்து, "சோம்பேறி எப்படிம்மா இருக்கு?" என்று விசாரித்தாய். உன் கம்பெனியில் அது கொழுத்து வளர்ந்துகொண்டிருக்கும்போது, என்னிடம் வந்து அதன் சுகத்தை விசாரித்தாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எடுத்ததைவிட விசாரித்தது பெரிய துரோகம்.

அப்போது உன் வேலை நிரந்தரமாகவில்லை என்றாய். புதிதாக ஏதாவது கொண்டுவா என்று நெருக்கினார்கள், வேறு வழி தெரியவில்லை என்றாய். நம்புகிறேன். பயந்த பிள்ளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். "ஒற மோர் குடுக்கற மாதிரிதானம்மா. பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் ஒற ஊத்திக் குடுத்தா நம்ம தயிரு கொறஞ்சா போயிடும்?" என்று கேட்டாய். நீ சொன்னதில் பாதி சரி. உறைமோர் கொடுத்தால் நமக்குக் குறையாதுதான். எத்தனையோ நாள் நானே கொடுத்திருக்கிறேன். ஆனால் உறைமோர் வாங்க வருகிறவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, "அக்கா, கொஞ்சம் ஒற இருக்கா?" என்று கேட்கிறாள். விளக்கு வைத்த பிறகு கேட்டால், நாளைக்குக் காலையில் வா என்று அனுப்பிவிடுகிறோம், அவளும் போய்விடுகிறாள். மறுநாள் அவள் வீட்டுத் தயிரைத் தின்றுவிட்டு யாராவது நன்றாக உறைந்திருக்கிறதே என்றால், இது பக்கத்து வீட்டு உறை என்று சொல்கிறாள். என்ன உறை என்று கேட்கிறவர்களிடம் தன் மாட்டு மடியிலிருந்தே தயிராகக் கறந்தது என்று சொல்வதில்லை. உன் கம்பெனி அதைத்தான் சொல்லியிருக்கிறது. தங்கள் சொந்தச் சேகரிப்பிலிருந்து உண்டாக்கியது என்று சொல்லி காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள்.

அதில் உன் பெயரும் இருக்கிறது என்று நீயே சொன்னாய். சொல்லும்போது உன் முகத்தில் வெட்கத்தைத் தேடினேன், கொஞ்சம் பெருமைதான் இருந்தது. "என் பேரு இருந்தா உன் பேரு இருக்கற மாதிரிதானம்மா" என்றாய். கார்த்தி, உன் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து உன் அப்பாவுடையது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து அப்படித்தான், அதில் எனக்குக் குறையும் இருந்ததில்லை. ஆனால் என் எழுத்து உன் பெயரில் எங்கே இருக்கிறது, காட்டு. யார் தேடினாலும் உன் பெயரிலிருந்து அப்பாவிடம்தான் போய்ச் சேருவார்கள். அவர் பாவம், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்ததோடு சரி.

அவரிடம் சொன்னேன். "விடு, பெத்த புள்ளதான எடுத்தான், ஊரானா எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார். அவர் நம் இருவருக்கும் நடுவில் நின்றே பழகியவர். ஊரான் எடுத்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், கல்லூரியில் எழுதிக் கொடுத்திருப்பேன். எனக்கும் கோபம் தீர்ந்திருக்கும். எடுத்தவன் நீ என்பதால் யாரிடமும் சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் வாய் திறந்தால் உன் வேலை போகும், கல்யாணம் நிற்கும். அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் நீ இத்தனை தைரியமாக இருக்கிறாய்.

நீ கொண்டுவந்த குழாயை என்ன செய்தேன் என்று கேட்டாயல்லவா? வைத்திருக்கிறேன். கம்பெனி லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, என் கையால் வேறு எழுதி ஒட்டினேன். வளர்த்துப் பார்த்தேன், என்னுடையதேதான். என் பொருள் யார் கையால் வந்தாலும் வாங்கிக்கொள்வேன், ரோஷத்துக்காக அதைச் சாக்கடையில் கொட்ட மாட்டேன். ஆனால் அதை நான் இப்போது வெளியே காட்டினால், உன் கம்பெனியிலிருந்து எடுத்ததாகத்தான் நாலு பேர் சொல்வார்கள். என் ஈஸ்டுக்கு நானே திருடியாகிவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறது என்றால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ரேவதியும் வேலைக்குப் போகிறவள். சாப்பிடும்போது தன் வேலையைப் பற்றி உன்னிடம் பேசுவாள், தோன்றியதைச் சொல்வாள். வீட்டில் பேசுவதற்கு யாரும் பூட்டுப் போட்டுக்கொள்வதில்லை. நானும் போட்டுக்கொள்ளவில்லை. அவள் சொன்னது உனக்கு ஆபீசில் உதவினால், இது என் சம்சாரம் சொன்னது என்று சொல். அவளிடம் கேட்டுவிட்டுச் சொல். அவள் உன்னோடு சாப்பிட உட்கார்ந்து மௌனமாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டால், நீ என்ன எடுத்தாய் என்று யோசித்துப் பார். நம் வீட்டில் இப்போது நீ வரும்போது நான் அப்படித்தான் சாப்பிடுகிறேன்.

இதையெல்லாம் கல்யாணம் முடியும் வரை உள்ளேயே வைத்திருக்கலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் நீ போன் செய்தாய். "வரவேற்புக்கு எங்க ஜெனரல் மேனேஜர் வர்றாரும்மா. வந்தா நல்லபடியா பேசு. லேப் விஷயம் மட்டும் எடுக்காத, ப்ளீஸ்" என்றாய். அதற்கு நான் சரி என்று சொன்னேன். போனை வைத்த பிறகுதான் ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று உன் கம்பெனியில் சொன்ன வருஷம், அப்பாவையும் என்னையும் அழைத்துப் போனாய். மெஷினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு, வாழைக்கன்று, பொரிகடலைப் பொட்டலம். ஒரு பெரிய எஃகுத் தொட்டிக்கு முன்னால் அந்த மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். "எங்க அம்மா சார். சிதம்பரத்துல டீச்சரா இருக்காங்க" என்றாய். அவர் கைகூப்பி, "புள்ளைய நல்லா வளத்திருக்கீங்கம்மா" என்றார். நான் காலேஜில் வேலை பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், நீ அதற்குள் அடுத்த ஆளை அறிமுகம் செய்யப் போய்விட்டாய். டீச்சர் என்றால் என்ன கேவலமா என்று நானும் விட்டுவிட்டேன். தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அப்பா கேட்டதற்கு, ஏதோ மருந்துச் சரக்கு என்றாய். கார்த்தி, அந்தத் தொட்டிக்குள் என் சோம்பேறி இருந்தது. அதன் முன்னால் நிற்கவைத்து என்னை டீச்சர் என்று சொன்னாய். நான் பொரியைக் கொறித்துக்கொண்டு நின்றேன்.

அதனால் போனில் சொன்ன சரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு வருவேன். விடியற்காலையிலேயே திருவந்திபுரத்தில் இருப்பேன். பெற்றவள் செய்ய வேண்டியது எதையும் குறைக்க மாட்டேன். உங்கள் இருவரையும் மனதார வாழ்த்துவேன், அதில் கள்ளம் இருக்காது. யாரிடமும் நானாகப் போய் எதையும் சொல்ல மாட்டேன், பயப்படாதே. மாலையில் வரவேற்பு மேடையிலும் உன் பக்கத்தில் நிற்பேன். உன் மேனேஜர் பரிசுப் பொட்டலத்தோடு ஏறி வரும்போது நீ என்னைக் காட்டி ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். உன் கம்பெனியில் வளரும் ஈஸ்டை உண்டாக்கியது யார் என்று சொல். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துச் சொல். சொன்னால் நான் அங்கேயே நின்று, உன் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வேன். வேலை இல்லாத மகனை இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் என் வீட்டில் வைத்துச் சோறு போடுவேன், ரேவதியையும் சேர்த்து. "எங்க அம்மா" என்று மட்டும் சொல்லி நிறுத்தினாயானால், நான் மேடையை விட்டு இறங்கிப் பந்தியில் இலை போடப் போய்விடுவேன். திரும்பக் கூப்பிடாதே, வர மாட்டேன். போட்டோவில் உன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கும். ஆல்பத்தைப் புரட்டும்போது ரேவதி கேட்பாள், இங்க அத்தை ஏன் இல்லை என்று. அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.